அனுமதிக்கு முன்பே செலவு: லண்டன் காவல்துறையின் தண்ணீர் பீரங்கி வாகனங்கள் தரும் பாடம்

2018 நவம்பரில் லண்டன் மாநகர நிர்வாகம் மூன்று பெரிய வாகனங்களைப் பழைய இரும்பு விலைக்கு விற்றது. கிடைத்த தொகை 11,025 பவுண்டு. அவற்றை வாங்கிப் பழுது பார்த்துத் தயார் செய்ய ஆன செலவு 3,22,834 பவுண்டு. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 3 கோடி ரூபாய். நூறு ரூபாய் போட்ட இடத்தில் மூன்றரை ரூபாய் திரும்பி வந்த கணக்கு இது. வாங்கியதிலிருந்து விற்கும் வரையிலான நான்கு ஆண்டுகளில் அந்த வாகனங்கள் ஒரு நாள்கூட லண்டன் வீதியில் பணிக்கு இறங்கவில்லை.

அவை தண்ணீர் பீரங்கி வாகனங்கள். நம் தமிழகத்தில் போராட்டம் நடக்கும் இடங்களில் 'வஜ்ரா', 'வருண்' என்ற பெயர்களில் காவல்துறை வாகனங்கள் நிற்பதைப் பார்த்திருப்போம். அவற்றில் வருண் என்பது தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கூட்டத்தைக் கலைக்கும் வாகனம். லண்டனில் வாங்கப்பட்டவையும் அதே வகையைச் சேர்ந்தவைதாம்.

பொதுப்பணத்தைப் பற்றி மார்க்கம் நமக்கு என்ன கற்றுத் தந்திருக்கிறது என்பதை யோசிக்க இந்த நிகழ்வு நல்ல வாய்ப்பு. முதலில் நடந்ததை வரிசையாகப் பார்ப்போம்.

2011 ஆகஸ்ட்: பின்னணி

2011 ஆகஸ்ட் 4 அன்று வடக்கு லண்டனின் டாட்டன்ஹாம் பகுதியில் மார்க் டக்கன் என்ற கறுப்பின இளைஞர் காவலர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு நாள்கள் கழித்து அங்கே தொடங்கிய கலவரம் லண்டனின் பல பகுதிகளுக்கும் பர்மிங்ஹாம், மான்செஸ்டர் போன்ற நகரங்களுக்கும் பரவியது. கடைகள் சூறையாடப்பட்டன. வீடுகளுக்குத் தீ வைக்கப்பட்டது. ஐந்து பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் மூவர் பர்மிங்ஹாமின் வின்சன் கிரீன் பகுதியில் தங்கள் தெருவின் கடைகளைக் காத்து நின்ற முஸ்லிம் இளைஞர்கள். வேகமாக வந்த கார் மோதி அவர்கள் இறந்தார்கள்.

கலவரத்தை அடக்கக் காவல்துறையிடம் போதிய கருவிகள் இல்லை என்ற பேச்சு அப்போது எழுந்தது. வட அயர்லாந்து காவல்துறையிடம் மட்டும் தண்ணீர் பீரங்கிகள் இருந்தன. இங்கிலாந்திலோ வேல்ஸிலோ ஸ்காட்லாந்திலோ அவை பயன்படுத்தப்பட்டதே இல்லை. தேவைப்பட்டால் 24 மணி நேரத்துக்குள் தண்ணீர் பீரங்கிகளைக் கொண்டுவர ஏற்பாடு இருப்பதாக அன்றைய பிரதமர் டேவிட் கேமரூன் அறிவித்தார்.

ஆனால் வட அயர்லாந்தில் காவல்துறைத் தலைவராக இருந்து அந்தக் கருவியை நேரில் அறிந்த சர் ஹியூ ஓர்ட், இந்தக் கலவரத்துக்கு அது பொருந்தாது என்று எச்சரித்தார். தண்ணீர் பீரங்கி ஓர் இடத்தில் திரண்டு நிற்கும் கூட்டத்தை விலக்கப் பயன்படும். 2011இல் நடந்ததோ வேறு. சிறு சிறு குழுக்கள் தெருத்தெருவாக ஓடிக் கடைகளை உடைத்தன. ஓடுகிறவர்களைத் துரத்த அந்தப் பெரிய வாகனத்தால் முடியாது. ஒரு கருவியை வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்விக்கான பதில் இப்படி ஆரம்பத்திலேயே கிடைத்துவிட்டது.

மூன்று கதவுகள்

லண்டன் பெருநகரக் காவல்துறைக்குப் புதுவகைக் கருவி ஒன்று வருவதற்கு மூன்று கதவுகளைத் தாண்ட வேண்டும். காவல் ஆணையர் அது வேண்டும் என்று கேட்க வேண்டும். காவல்துறையின் வரவு செலவைக் கண்காணிக்கும் மேயர் பணம் ஒதுக்க வேண்டும். கூட்டத்தின் மீது பயன்படுத்தும் கருவி என்றால், மருத்துவ வல்லுநர்களின் ஆய்வைப் பார்த்த பிறகு நாட்டின் உள்துறை அமைச்சர் உரிமம் வழங்க வேண்டும்.

2014இல் முதல் கதவு திறந்தது. காவல் ஆணையர் பெர்னார்ட் ஹோகன்-ஹவ் தண்ணீர் பீரங்கி வேண்டும் என்று கேட்டார். இரண்டாவது கதவும் திறந்தது. லண்டன் மக்களின் பிரதிநிதிகள் அமர்ந்திருக்கும் லண்டன் அவை எதிர்த்த போதும், மேயர் போரிஸ் ஜான்சன் வாங்க ஒப்புதல் தந்தார். மூன்றாவது கதவு திறக்கும் வரை அவர் காத்திருக்கவில்லை. உள்துறை அமைச்சர் தெரசா மே உரிமம் தருவதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு முன்பே, 2014 ஜூனில் ஜெர்மன் மத்தியக் காவல்துறை கழித்துக் கட்டிய மூன்று பழைய வாகனங்களை வாங்குவது உறுதியானது. 'வாசர்வெர்ஃபர் 9000' என்பது அந்த மாதிரியின் பெயர். 9,000 லிட்டர் தண்ணீர் கொள்ளும் தொட்டி அதில் உண்டு.

விலை மலிவு என்பது அன்று சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. மூன்றுக்கும் சேர்த்து 85,022 பவுண்டுதான். புதிய வாகனங்கள் வாங்கினால் பல மடங்கு ஆகும். பழைய பொருளை வாங்கியவர்களுக்கு அடுத்து என்ன நடந்திருக்கும் என்று சொல்லாமலே தெரியும். லண்டனின் புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு ஏற்ப மாற்றவே ஏறத்தாழ 32,000 பவுண்டு ஆனது. ஒலிப்பெட்டி பொருத்தியதற்குக்கூட கிட்டத்தட்ட 1,000 பவுண்டு கணக்கில் இருந்தது. பழுது பார்ப்பு, மாற்றங்கள் என்று செலவு வளர்ந்துகொண்டே போனது. வாங்கிய விலையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்குத் தொகை அதன் பிறகு செலவானது.

2015 ஜூலை 15 அன்று தெரசா மே நாடாளுமன்றத்தில் தம் முடிவை அறிவித்தார். உரிமம் இல்லை. அந்த வாகனங்கள் ஏறத்தாழ 25 ஆண்டுகள் பழையவை, அவற்றில் தீர்க்க வேண்டிய 67 குறைபாடுகள் உள்ளன, வேகமாக இடம் மாறும் கலவரத்தில் அவற்றால் பயன் குறைவு என்பவை காரணங்கள். நீரின் விசை முதுகெலும்பு முறிவு உள்ளிட்ட கடுமையான காயங்களை உண்டாக்கலாம் என்ற மருத்துவ எச்சரிக்கையையும் அவர் சுட்டிக்காட்டினார். மக்களின் இசைவோடு காவல் செய்வது என்ற பிரிட்டனின் நீண்டகால மரபை இது பாதிக்கும் என்பதும் அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. அமைச்சரும் மேயரும் ஒரே கட்சியைச் சேர்ந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். இது கட்சிச் சண்டையில் வந்த மறுப்பு அல்ல.

மருத்துவ அச்சம் வெறும் கற்பனையும் அல்ல. 2010 செப்டம்பர் 30 அன்று ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ரயில் நிலையத் திட்டம் ஒன்றை எதிர்த்து மக்கள் திரண்டபோது காவல்துறை தண்ணீர் பீரங்கியைப் பயன்படுத்தியது. ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவரின் முகத்தில் நீர் நேராகப் பாய்ந்தது. அவருடைய கண்பார்வை ஏறத்தாழ முழுவதும் போய்விட்டது. லண்டனில் இந்த விவாதம் நடந்த 2014இல் அவரே நேரில் வந்து, இது வேண்டாம் என்று அந்நகர மக்களிடம் கேட்டுக்கொண்டார். தண்ணீர்தானே, என்ன செய்துவிடும் என்று நினைப்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

2016 மே மாதம் சாதிக் கான் லண்டன் மேயரானார். வாகனங்களை விற்றுவிடுவது என்று அவரது நிர்வாகம் முடிவு செய்தது. ஏற்ற விலைக்கு எடுக்க ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் அவை பழைய இரும்பு வாங்கும் நிறுவனத்துக்குப் போயின. நிகர இழப்பு 3,11,809 பவுண்டு.

பர்மிங்ஹாம் கேமராக்கள்: முஸ்லிம்கள் மறக்காத பாடம்

லண்டன் மேயர் மூன்றாவது கதவுக்குக் காத்திருக்கவில்லை. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 2010இல், பர்மிங்ஹாமில் இதைவிட வேதனையான ஒன்று நடந்தது. அங்கே மக்களிடம் உண்மையையே சொல்லவில்லை.

அந்நகரில் முஸ்லிம்கள் அதிகம் வாழும் ஸ்பார்க்புரூக், வாஷ்வுட் ஹீத் ஆகிய பகுதிகளைச் சுற்றி 200க்கும் மேற்பட்ட கேமராக்கள் பொருத்தப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை போகும் வரும் வாகனங்களின் பதிவெண்ணைத் தானாகப் படித்துப் பதிவு செய்பவை. 72 கேமராக்கள் மறைவாக வைக்கப்பட்டன. 'புராஜெக்ட் சாம்பியன்' என்பது திட்டத்தின் பெயர். செலவு சுமார் 30 லட்சம் பவுண்டு. திருட்டையும் தெருக் குற்றங்களையும் தடுப்பதற்காக என்று மக்களிடம் சொல்லப்பட்டது. பணம் வந்த இடமோ பயங்கரவாதத் தடுப்பு நிதி. ஒருவர் தம் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வருவதும், ஜும்ஆவுக்குப் போவதும், உறவினர் வீட்டு நிகாஹுக்குப் போவதும் அந்தப் பகுதியைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் பதிவாகும் ஏற்பாடு அது.

2010 ஜூனில் செய்தித்தாள் ஒன்று நிதியின் மூலத்தை வெளியிட்டதும் கொதிப்பு எழுந்தது. கேமராக்கள் மீது பிளாஸ்டிக் பைகள் போர்த்தப்பட்டன. தேம்ஸ் வேலி காவல்துறைத் தலைவர் சாரா தார்ன்டன் தலைமையில் நடந்த ஆய்வின் அறிக்கை அந்த ஆண்டு செப்டம்பர் இறுதியில் வெளிவந்தது. சட்ட விதிகளைப் பற்றி ஆரம்பத்தில் போதிய சிந்தனையே இல்லை, மக்களிடம் உரிய முறையில் கலந்து பேசவில்லை என்று அது கண்டித்தது. அந்த வட்டாரக் காவல்துறையின் தலைவர் மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். ஒருநாளும் இயக்கப்படாத அந்தக் கேமராக்கள் 2011இல் கழற்றி அகற்றப்பட்டன.

இங்கே பணம் மட்டும் வீணாகவில்லை. ஒரு முஸ்லிம் தாய் தன் மகன் தவறான வழியில் போகிறானோ என்று சந்தேகித்தால், தைரியமாகப் போய்ப் பேசக்கூடிய ஒரு காவலர் வேண்டும். அந்த நம்பிக்கையைக் கட்ட பல ஆண்டுகள் ஆகும். தெருமுனைக் கம்பத்தில் யாரிடமும் உண்மையைச் சொல்லாமல் ஒரு கருவியைப் பொருத்தினால், அதை ஒரே நாளில் இழந்துவிடலாம். குற்றத்தைத் தடுக்க என்று செய்த செலவு, குற்றத்தைத் தடுக்க உதவும் மக்களையே தள்ளி நிற்க வைத்தது.

இதே பர்மிங்ஹாமில்தான் அடுத்த ஆண்டு அந்த மூன்று இளைஞர்களும் கொல்லப்பட்டார்கள். பழிக்குப் பழி என்று நகரம் கொந்தளித்துவிடுமோ என்று எல்லோரும் அஞ்சிய நேரத்தில், மகனைப் பறிகொடுத்த ஒரு முஸ்லிம் தந்தை மக்கள் முன் வந்து நின்றார். அமைதியாக வீட்டுக்குப் போகும்படி கேட்டுக்கொண்டார். மக்கள் கேட்டார்கள். நகரம் அமைதியானது. ஸப்ர் என்று நாம் மிம்பரில் பேசுவதை அந்த மனிதர் தெருவில் நின்று செய்து காட்டினார். மக்களின் நம்பிக்கை எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

சோதனை என்றால் என்ன?

காவல்துறை புதிய கருவிகளைச் சோதித்துப் பார்க்கவே கூடாது என்று இங்கே சொல்ல வரவில்லை. நியாயமாகப் பேச வேண்டும். நமக்கு ஒருவர் மீதுள்ள வெறுப்பு நீதி தவறச் செய்யக் கூடாது என்பது குர்ஆனின் கட்டளை (5:8). 2011இல் வீடும் கடையும் எரிந்து நின்றவர்கள் உண்டு. காவலர்களும் காயம் பட்டார்கள். இன்னொரு முறை இப்படி நடந்தால் என்ன செய்வது என்று பொறுப்பில் இருப்பவர்கள் யோசிப்பது அவர்கள் கடமை.

ஆனால் சோதனைக்கு ஒரு முறை இருக்கிறது. தண்ணீர் பீரங்கி வாங்கப்பட்ட அதே 2014இல், அதே லண்டன் காவல்துறை, காவலர் உடையில் பொருத்தும் கேமராவைச் சோதித்தது. பத்துப் பகுதிகளில் 500 கேமராக்களை மட்டும் கொடுத்தார்கள். கேமரா உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டு, காவலர் பயிற்சிக்குப் பொறுப்பான கல்லூரி ஆய்வு செய்தது. காவலர்கள் மீதான புகார்கள் குறையலாம் என்று தெரிந்தது. சாலையில் நிறுத்திச் சோதனையிடும் எண்ணிக்கையில் மாற்றம் இல்லை என்பதும் தெரிந்தது. பலித்ததையும் பலிக்காததையும் சேர்த்தே வெளியிட்டார்கள். சிறிய அளவில் தொடங்குவது, ஒப்பிட்டுப் பார்ப்பது, முடிவை மக்களுக்குச் சொல்வது, பிறகு விரிவாக்குவது. சோதனை என்ற சொல்லுக்குப் பொருள் இதுதான்.

தண்ணீர் பீரங்கி விஷயத்தில் இந்த வரிசை தலைகீழானது. ஒளூ செய்வதற்கு முன்பே தொழுது முடித்துவிட்டு, பிறகு தண்ணீர் தேடிப் போனது போல.

மார்க்கத்தின் பார்வையில் பொதுப்பணம்

பைத்துல்மாலைப் பற்றி உமர் (ரலி) அவர்கள் சொன்னதாக அறிவிக்கப்படும் ஒரு கருத்து நம் அறிஞர்களிடம் புகழ் பெற்றது. அந்தப் பணத்தின் முன் தம்மை ஓர் அனாதைச் சொத்தின் பொறுப்பாளராகவே அவர்கள் கருதினார்கள். இது சாதாரண உவமை அல்ல. அனாதையின் சொத்தைப் பற்றிய சட்டம் குர்ஆனின் 4ஆம் அத்தியாயம் 6ஆம் வசனத்தில் இருக்கிறது. பொறுப்பாளர் வசதி உள்ளவராக இருந்தால் அதில் கை வைக்கக் கூடாது. ஏழையாக இருந்தால் நியாயமான அளவு எடுத்துக்கொள்ளலாம். வீண் விரயம் செய்யக் கூடாது. அவசரப்பட்டுச் செலவழித்துத் தீர்க்கவும் கூடாது. கடைசியில் சொத்தை ஒப்படைக்கும்போது சாட்சிகளை வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வசனத்தை மனத்தில் வைத்து லண்டன் கணக்கை ஒரு முறை பாருங்கள். அங்கே யாரும் பணத்தைத் தம் வீட்டுக்குக் கொண்டு போகவில்லை. அப்படிப்பட்ட குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அவசரமும் விரயமும் இருந்தன. திருடினால் மட்டும்தான் அமானிதத்துக்குக் கேடு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பொறுப்பாளர் தம் கையைச் சுத்தமாக வைத்துக்கொண்டே அனாதையின் சொத்தை அழித்துவிட முடியும். அவசர முடிவு ஒன்று போதும்.

ஃபிக்ஹ் சட்ட விதிகளில் ஒன்று, மக்கள் விஷயத்தில் ஆட்சியாளர் எடுக்கும் முடிவு மக்களின் நலனோடு கட்டப்பட்டது என்பதாகும். ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் ஸுயூத்தி அவர்களும், ஹனஃபி மத்ஹபில் இப்னு நுஜைம் அவர்களும் தத்தம் நூல்களில் இதை எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். அதிகாரம் இருக்கிறது என்பதால் மட்டும் ஒரு செலவு சரியாகிவிடாது. அதனால் மக்களுக்கு நன்மை உண்டு என்று காட்டவும் வேண்டும். நன்மை உண்டா என்று தெரியாத நிலையில் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். காரியங்களைக் கலந்தாலோசித்துச் செய்வதை முஃமின்களின் பண்பாகக் குர்ஆன் (42:38) குறிப்பிடுவதும் இதனால்தான்.

லண்டன் நிகழ்வில் பாராட்ட வேண்டிய ஒன்றும் உண்டு. எல்லாக் கணக்கும் வெளியே வந்தது. ஒலிப்பெட்டிச் செலவு வரை மக்களுக்குத் தெரிந்தது. மக்கள் கேட்டால் அரசு அலுவலகங்கள் பதில் சொல்ல வேண்டும் என்று அங்கே 2000ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. ஆளும் கட்சி அமைச்சரே தம் கட்சி மேயரின் முடிவை மறுக்க முடிந்தது. அனாதைச் சொத்துக்குச் சாட்சிகள் வேண்டும் என்றால், இன்றைய அரசுக்குக் கணக்குத் தணிக்கையும் பத்திரிகையும் கேள்வி கேட்கும் குடிமகனும்தான் அந்தச் சாட்சிகள்.

நாம் என்ன செய்யலாம்?

நம் நாட்டிலும் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு விண்ணப்பம் போடலாம். நம் ஊரில் ஒரு கேமராவோ புதிய வாகனமோ வரும்போது, முதலில் அச்சமோ கோபமோ கொள்ள வேண்டியதில்லை. அமைதியாக ஐந்து கேள்விகள் கேட்கலாம்.

ஒன்று, இது எந்தத் தேவைக்கு? இரண்டு, பணம் எந்த நிதியிலிருந்து வருகிறது? மூன்று, உரிய அனுமதி முன்பே பெறப்பட்டதா? நான்கு, வேறு இடத்தில் சோதித்துப் பார்த்ததன் முடிவு என்ன? ஐந்து, பராமரிப்புச் செலவு ஆண்டுக்கு எவ்வளவு? வாங்கிய விலையை எல்லோரும் பார்க்கிறோம். பின்னால் வரும் செலவை யாரும் பார்ப்பதில்லை. லண்டனில் பணம் கரைந்தது அங்கேதான்.

இந்தக் கேள்விகள் காவல்துறைக்கு மட்டும் உரியவை என்று நினைத்துவிடக் கூடாது. நம் மஹல்லாவின் ஜமாஅத் பணமும், வக்ஃப் வருமானமும், மதரஸா நன்கொடையும் அதே அமானிதம்தான். பொதுக்குழு கூடுவதற்கு முன்பே ஜெனரேட்டரை வாங்கி இறக்கிவிட்டு, வாங்கியாகிவிட்டது, இனி ஒப்புதல் கொடுங்கள் என்று கேட்பதை நம் ஊர்களில் பார்க்காதவர் யார்? மலிவாக வருகிறது என்று பழைய குளிர்சாதனப் பெட்டியை வாங்கி, அதைவிட அதிகமாகப் பழுது பார்க்கக் கொடுத்ததும் உண்டு. முத்தவல்லி நல்ல மனிதர், ஒரு பைசா தொடாதவர் என்று நாம் பேசாமல் இருந்துவிடுகிறோம். அவர் நல்லவர் என்பதில் சந்தேகம் இல்லை. நல்லவரையும் காப்பாற்றத்தான் சாட்சி வைக்கும்படி அல்லாஹ் சொல்கிறான்.

அடுத்தவர் கணக்கைக் கேட்கும் உரிமை, தன் கணக்கைத் திறந்து வைத்தவருக்கே அழகு. இந்த வாரம் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது பள்ளிவாசல் பலகையில் வரவு செலவு ஒட்டியிருந்தால் நின்று படியுங்கள். ஒட்டவில்லை என்றால், ஸலாம் சொல்லி, அன்போடு கேளுங்கள். பொதுப்பணத்தைப் பேணுகிறவர்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக, ஆமீன்.